கொக்கியா, கரண்டியா

இரண்டு அந்துப்பூச்சிகள். இரண்டும் ஒரே சாம்பல் நிறம், ஒரே நீளம், முன்னிறக்கையில் ஒரே பழுப்புக் கோடு. பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாயே குழம்பிப் போவாள். ஆனால் ஒன்று எங்கும் கிடக்கிறது. குப்பைமேடு, கொல்லை, குளியலறை ஜன்னல் என்று எதையும் விட்டுவைக்காது, அதன் புழு எந்தத் தழையைக் கொடுத்தாலும் தின்னும். மற்றதன் புழு கால்வாய் ஓரத்து நாணல் தண்டைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காது. நாணலை வெட்டினார்கள், கரையைக் கட்டினார்கள், விளக்குப் போட்டார்கள், பூச்சி போய்விட்டது. உயிரினங்களுக்கெல்லாம் நிலைமை எழுதி வைக்கும் பட்டியலில் முதலாவதற்குக் 'கவலை இல்லை' என்று போட்டிருக்கிறது. இரண்டாவதற்குக் 'கவலைக்கிடம்'. அதையும் அடித்துவிட்டு 'அற்றுவிட்டது' என்று எழுதப் பேனா மூடியைக் கழற்றிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வித்தியாசம் ஆண் பூச்சியின் வயிற்று நுனிக்குள் இருக்கிறது. எள்ளில் பாதிகூட இல்லாத ஓர் உறுப்பு. பெண்ணைப் பிடித்துக்கொள்வதற்காக இயற்கை கொடுத்தது. முதல் இனத்தில் அதன் முனை கரண்டி மாதிரி அகன்றிருக்கும், இரண்டாவதில் கொக்கி மாதிரி வளைந்திருக்கும். அறிவியல் வைத்த பெயர்களைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அருங்காட்சியகத்துப் பூச்சிப் பிரிவில் எல்லாரும் கரண்டி, கொக்கி என்றுதான் சொல்வார்கள். நாமும் அப்படியே சொல்லிவிட்டுப் போவோம்.

இதைப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. செத்த பூச்சியின் வயிற்றை மட்டும் தனியே எடுத்து, காரக் கரைசலில் ஊறப்போட்டு, கொழுப்பெல்லாம் கரைந்தபின் நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து விரிக்க வேண்டும். வயிறு ஒரு கண்ணாடித் தகட்டுக்குப் போய்விடும். வயிறில்லாத பூச்சி ஊசியில் குத்தியபடி பெட்டியிலேயே இருக்கும். இதுதான் விட்டிலின் வேலை. விட்டில் என்பது சிறு வயதில் விளக்கடியை விட்டு நகராததற்காக வீட்டார் வைத்த பெயர். தங்கை என்ன வேலை பார்க்கிறாள் என்று முழுசாகப் புரிந்த நாளில் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “ஊர்ல எல்லாரும் மூஞ்சியப் பாத்துப் பழகுறாங்க. நீ ஒருத்திதான்டி பூச்சிக்குக் கீழ பாத்துச் சம்பளம் வாங்குற” என்றாள்.

வேலையில் விட்டில் படு சுத்தம். ஒரே ஒரு பலவீனம். உடைந்த எதையும் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியாது. காய்ந்த பூச்சி என்றால் தொட்டால் உதிரும். உணர்கொம்பு விழும், கால் விழும். மற்றவர்கள் விழுந்ததை ஒரு சின்ன உறையில் போட்டு அதே ஊசியில் மாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். விட்டில் மட்டும் ஊசிமுனையில் ஒரு துளி பசையைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, விழுந்ததை ஒட்டி வைப்பாள். ஒட்டிய இடம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன பருவத்தில் கால்வாய் ஓரச் சாலையில் அவள் பிடித்து வந்த ஆண் பூச்சிகளில் எல்லாம் கரண்டி, ஒன்றில் மட்டும் கொக்கி. விட்டில் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டாள். போய்விட்டது என்று எல்லாரும் கைகழுவிய உயிர், ஊருக்கு நடுவில், அவள் தினமும் பேருந்துக்கு நிற்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கிறது! செய்தி போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போனது. விளக்கைக் கண்டால் இந்தப் பூச்சி அதையே சுற்றிச் சுற்றிக் களைத்து விழும், ஜோடி சேராது. அதனால் அடுத்த பருவத்திலிருந்து, பூச்சி பறக்கும் வாரங்களில், கால்வாய்ச் சாலையில் விளக்கே எரியக் கூடாது என்று நகரசபை உத்தரவு போட்டது. உத்தரவுக்குக் கீழே பரிந்துரைத்தவர் என்று விட்டிலின் பெயர் இருந்தது. அக்கா அதைப் படமெடுத்துச் சொந்தபந்தம் எல்லாருக்கும் அனுப்பினாள்.

அந்த உத்தரவுதான் அத்தானின் காலை வாங்கியது. அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். விளக்கு அணைந்திருந்த வாரங்களில் ஒரு நாள் வேலை முடிந்து பொழுது சாய்ந்தபின் சைக்கிளில் அந்தச் சாலை வழியாக வந்தார். இருட்டில் வடிகால் மூடி தூக்கிக்கொண்டு நின்றது தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தொடைவரைக்கும் மாவுக்கட்டு. ஊரையெல்லாம் ஏற்றி இறக்கிய மனிதர், சொந்த வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார்.

விட்டில் பழமும் கையுமாகப் போய் நின்றபோது அழுகைதான் வந்தது. அவளைப் பூச்சி என்றே கூப்பிடும் அத்தானோ சிரித்தார். “அட, விடு பூச்சி. படியில வழுக்கி விழுந்தேன்னு சொன்னா கேக்கறவன் சிரிப்பான். இது அப்படியா? உலகத்துல இன்னும் கொஞ்சமே கொஞ்சம் மிச்சமிருக்கற உயிருக்காக ஒடஞ்ச காலு. மதிப்பு வேற.” சும்மா ஆறுதலுக்குச் சொன்னார் என்றுதான் விட்டில் நினைத்தாள். இல்லை. வந்தவர் போனவரிடமெல்லாம் கொக்கி மகாத்மியம் பாடினார். நாணல், விளக்கு, 'கவலைக்கிடம்' எல்லாம் மனப்பாடம். மகளை விட்டு மாவுக்கட்டின்மேல் பூச்சி ஒன்றை வரையச் சொன்னார். சாம்பல் நிறம் கிடைக்காமல் அவள் ஊதா நிறத்தில் வரைந்து வைத்தாள். அக்கா மட்டும் தங்கையிடம் முகம் கொடுக்கவில்லை. காப்பியை வைக்கிற வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

இப்படியிருக்கும்போது மரபணு ஆய்வகத்திலிருந்து தொலைபேசி வந்தது. கால்வாயை நிரந்தரக் காப்பிடமாக அறிவிக்கும் முன் ஓர் உறுதிப்பாடு வேண்டும் என்று பட்டியல் குழு கேட்டிருந்தது. கொக்கியின் கால் ஒன்றை இடுக்கியால் எடுத்துக் குப்பியிலிட்டு விட்டிலே அனுப்பியிருந்தாள். பூச்சியின் எந்தத் துணுக்கும் போதும் என்றாலும், மற்ற உறுப்பைக் கெடுக்காமல் காலை அனுப்புவதுதான் வழக்கம்.

“மேடம், நீங்க அனுப்பின காலு கரண்டியோடதுங்க” என்றார் ஆய்வகத்துக்காரர்.

“இருக்காதே. நான் கொக்கியைக் கண்ணால பாத்தேனே.”

“ரெண்டு தடவை ஓட்டிப் பாத்துட்டோம். சுத்தமான கரண்டி.”

விட்டில் நேராகத் தகட்டுப் பெட்டிக்குப் போனாள். தகட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். கொக்கி கொக்கியாகத்தான் இருந்தது, இன்னும் அழகாக வளைந்து. ஆனால் தகட்டில் இருப்பது வயிறு மட்டும். அந்த வயிறு இந்த உடம்புடையதுதான் என்பதற்கு அவளுடைய கையைத் தவிர வேறு சாட்சி இல்லை.

பிரிவின் தலைவி கொஞ்சம் கண்டிப்பானவர். எதையும் சுற்றி வளைக்க மாட்டார். “வயிறு ஊறப்போட்ட அன்னிக்குத் தட்டுல வேற என்னென்ன இருந்துது?” என்று கேட்டார்.

“கால்வாய்ப் பூச்சிங்க. அப்புறம் நன்கொடையா வந்த பழைய பெட்டியிலேர்ந்து சிலது. யாரு பிடிச்சது, எங்க பிடிச்சதுன்னு சீட்டே இல்லாதது.”

“அப்ப அந்தக் கொக்கி பழைய பெட்டியோட வயிறா இருக்கலாம். கிண்ணம் இடம் மாறியிருக்கலாம். மரபணு பாக்கலாம்னா பழைய பூச்சியில ஒண்ணும் தேறாது. கால்வாய்ல போய் இன்னொண்ணு பிடிக்கலாம்னா பருவம் முடிஞ்சுபோச்சு.” தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நகரசபைக் கூட்டம் வருது. விளக்கணைக்கற உத்தரவை ரத்து பண்ணச் சொல்லி நாமளே போய் நின்னு சொல்லிட்டு வந்துடுவோம். தப்புன்னா தப்பு. யானைக்கும் அடி சறுக்கும்.”

யானைக்குச் சறுக்கினால் யானைதான் விழும். இங்கே விழுந்தது அத்தான். பேர் போவதுபற்றி விட்டிலுக்குக் கவலை இல்லாமலில்லை. பத்துப் பேர் முன்னால் நின்று 'அது குளியலறைப் பூச்சிதான்' என்று சொல்வது சாதாரணமா? ஆனால் அவள் நெஞ்சை அறுத்தது அது அல்ல. அற்றுப்போகும் உயிருக்காக உடைந்தது என்று அவர் கொண்டாடும் கால், எங்கும் மண்டிக் கிடக்கும் கரண்டிக்காக உடைந்திருந்தால்? அந்த ஊதாப் பூச்சியின் முகத்தில் எப்படி விழிப்பது?

அடுத்தவர் சொல்லித் தெரிவதற்கு முன் தானே சொல்லிவிடுவது என்று சனிக்கிழமை பகலில் போனாள். அத்தான் காலை நீட்டிச் சோபாவில் இருந்தார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். விட்டில் உட்காராமலே, ஆய்வகம் சொன்னதையும் தலைவி சொன்னதையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். “அது கரண்டியாவும் இருக்கலாம் அத்தான். நான் வயித்த மாத்தி எடுத்திருக்கலாம். அப்படின்னா அந்த ரோட்டுல விளக்க அணைச்சதே தேவையில்லாதது.”

அத்தான் மாவுக்கட்டிலிருந்த ஊதாப் பூச்சியை விரலால் தொட்டார். “அப்ப நான் சும்மாவா விழுந்தேன்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. குழந்தை கேட்கிற மாதிரி கேட்டார். விட்டிலுக்கு அங்கேயே பூமி பிளந்து தன்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது.

பூமி பிளக்கவில்லை, அக்கா பிளந்தாள். இத்தனை நாள் காப்பித் தம்ளரில் காட்டிய கோபமெல்லாம் வாய்க்கு வந்தது. “கொக்கின்னா மட்டும் என்ன, காலு ஒடையாமயா இருந்திருக்கும்? ரெண்டும் ஒடைஞ்ச காலுதான். பூச்சிய எழுதி வெச்சிருக்கற பட்டியல்ல மனுஷனுக்கு ஒரு வரி கெடையாதா? இன்னொரு கால அனுப்பறேன், இன்னொரு வயித்தப் பாக்கறேன்னு வந்து நிக்காத. ஒடஞ்சத ஒட்டிட்டா எல்லாம் சரியாப் போச்சுன்னு உனக்கு எப்பவுமே நெனப்பு. சின்ன வயசுல அப்பாவோட கண்ணாடிய ஒடச்சிட்டு, சித்தப்பா கண்ணாடியோட காதைப் பிடுங்கி அதுல ஒட்டி வெச்சவதானடி நீ! ரெண்டு பேரும் ஒரு வாரம் தலைவலி தலைவலின்னு திரிஞ்சாங்களே!”

விட்டில் சட்டென்று நிமிர்ந்தாள். “என்ன சொன்ன?”

“தலைவலின்னு திரிஞ்சாங்கன்னேன்.”

“இல்லக்கா, அதுக்கு முன்னால.”

“சித்தப்பாவோடத அப்பாவோடதுல ஒட்டினன்னேன். ஏன், இல்லங்கறியா?”

“இல்லங்கல. ஒட்டினேன். ஒட்டியிருப்பேன்!” என்று சொல்லிவிட்டு விட்டில் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள். அக்கா மடித்த துணியைக் கையில் பிடித்தபடி, “இவளுக்குக் கழண்டுபோச்சா?” என்று கணவரைப் பார்த்தாள்.

சனிக்கிழமை அருங்காட்சியகத்தில் பார்வையாளர் கூட்டம். படியேறும் கும்பலைப் பிளந்துகொண்டு மேல்மாடிக்குப் போய், பெட்டியை எடுத்து, வயிறில்லாத கொக்கியைக் கவிழ்த்து நுண்ணோக்கியில் வைத்தாள். ஒரு பூச்சியின் ஆறு காலும் அந்தப் பூச்சியுடையதுதான் என்று யாரும் நினைப்பார்கள். தலைவி நினைத்தார், ஆய்வகத்துக்காரர் நினைத்தார், விட்டிலும் நினைத்தாள். ஆய்வகத்துக்காக அவள் கால் பிடுங்கிய குழியைச் சுற்றி, கண்ணாடி வளையம்போல் ஒரு மினுமினுப்பு. காய்ந்த பசை. மற்ற ஐந்து கால்களின் அடியில் அது இல்லை.

அவளுக்கு இப்போது நினைவு வந்தது. புதுப் பெட்டிக்கு மாற்றும்போது பெட்டி மேஜை விளிம்பில் இடித்துக்கொண்டது. தக்கைத் தரையில் ஒற்றைக் கால் ஒன்று கிடந்தது. கொக்கிக்கு ஒரு கால் குறைந்திருப்பதைப் பார்த்ததும் மனசு கேட்காமல், அதே கையோடு ஒட்டி வைத்தாள். கொக்கியின் சொந்தக் கால் அதற்கு முன்பே கால்வாயிலோ வலையிலோ போயிருக்க வேண்டும். பக்கத்து வரிசையைப் பார்த்தாள். ஒரு கரண்டி பின்கால் இல்லாமல், பாவமாக, ஐந்து காலில் நின்றது. குழியில் பசை இல்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்களே, அதை நிஜமாகவே பசை வைத்துச் செய்திருக்கிறாள்!

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் செய்தாள். பிறகு பசை படாத கால் ஒன்றை எடுத்துக் குப்பியில் போட்டாள். அதோடு நிம்மதியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. கால் மாறியிருந்தது என்பதால் வயிறு மாறவில்லை என்று ஆகிவிடாது. ஒரு தப்பு செய்தவள் இரண்டு செய்திருக்க மாட்டாளா என்ன? ஆனால் கதவு சாத்தியிருந்த இடத்தில் இப்போது ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது.

தலைவி எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். நகரசபைக்குப் போவதை இந்தப் பதில் வரும்வரை தள்ளி வைத்தார். “நல்லது. இப்ப அந்தப் பசைக்குப்பிய எடுத்துட்டு வந்து என் மேஜையில வை” என்றார். விட்டில் வைத்தாள். “இன்னொரு குப்பி டிராயர்ல இருக்குமே?” அதையும் வைத்தாள்.

பதில் வருவதற்குள் விட்டில் பாதி ஆனாள். அத்தான் வீட்டுப் பக்கம் போகத் தைரியம் இல்லை. மாவுக்கட்டு பிரிக்கும் நாளில் அக்காவே கூப்பிட்டாள். “உங்க அத்தானைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேணும். வந்து சேரு” என்று சொல்லி வைத்துவிட்டாள். அக்காவின் பாஷையில் அது பாதிச் சமாதானம்.

மருத்துவமனையில் அந்த அறை சின்னது. உயரமான ஒரு மேஜை, தரையெல்லாம் சுண்ணாம்புத் தூள், சுவரில் நின்றுபோன கடிகாரம். மாவுக்கட்டுக்காரர் கையில் ரம்பத்தோடு வந்து, “எங்கேர்ந்து ஆரம்பிக்கட்டும்?” என்றார்.

“எங்கேர்ந்து வேணா ஆரம்பிங்க. பூச்சி மேல மட்டும் படாம அறுங்க” என்றார் அத்தான்.

“இன்னும் அதைப் பத்திரப்படுத்தறீங்களா?” என்றாள் அக்கா.

“புள்ள வரைஞ்சது” என்றார் அத்தான் சுருக்கமாக. கொக்கி மகாத்மியம் பாடுவதை அவர் நிறுத்திவிட்டிருந்தார். விட்டில் அதைக் கவனித்தாள், தரையைப் பார்த்தாள்.

ரம்பம் பாதி வந்தபோது அவளுடைய கைபேசி அடித்தது. ஆய்வகத்து எண். மாவுக்கட்டுக்காரர் ரம்பத்தை நிறுத்தினார். அந்தச் சின்ன அறையில் ஆய்வகத்துக்காரரின் குரல் எல்லாருக்கும் கேட்டது.

“மேடம், இந்தக் காலு கொக்கிங்க. ரெண்டு தடவை பாத்துட்டோம்.”

“கொக்கியா?”

“கொக்கியேதான். வயிறும் உடம்பும் ஒண்ணுதான். கால்வாய்ல இருக்கறது அதுதான். வாழ்த்துகள்.”

விட்டிலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “வயித்துல பால வாத்தீங்க” என்று அவருக்குச் சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அத்தான் மேஜையில் படுத்தபடி கூரையைப் பார்த்துப் பெரிதாக மூச்சு விட்டார். மாவுக்கட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை என்றாலும், நல்ல செய்தி என்று தெரிந்து, அவரும் சிரித்து வைத்தார்.

அக்கா மட்டும் கையைக் கட்டிக்கொண்டாள். “சந்தோஷம். ஆனா ஒண்ணு. கொக்கியே ஆனாலும் அடுத்த வருஷம் என் புருஷன் அந்த ரோட்டுல இருட்டுல வர முடியாது.”

“வர வேண்டாம்க்கா. எழுதிக் கொடுத்துட்டேன். கொக்கியோ கரண்டியோ, எதுன்னு தெரியறதுக்கு முன்னாலயே எழுதிட்டேன். முழங்கால் உயரத்துக்குச் சின்னச் சின்ன விளக்கு. மஞ்சளும் சிவப்பும் கலந்த வெளிச்சம், தரையில மட்டும் விழும். பூச்சி அதைத் திரும்பிக்கூடப் பாக்காது. நாளைக்கு வடிகால் மூடியெல்லாம் சரி பண்றாங்க, நானே நின்னு பாக்கப் போறேன்.”

“இதை மொதல்லயே செஞ்சிருந்தா என்னடி?”

விட்டில் சாக்குச் சொல்லவில்லை. “அன்னிக்கு எனக்குப் பூச்சி மட்டும்தான் கண்ணுல தெரிஞ்சுதுக்கா” என்றாள். அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முந்தானையால் தங்கையின் கன்னத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்புத் தூளைத் துடைத்துவிட்டாள்.

மாவுக்கட்டு இரண்டாகப் பிளந்து விழுந்தது. உள்ளேயிருந்து வெளியே வந்த கால், அத்தானுடைய கால் மாதிரியே இல்லை. வெளுத்து, மெலிந்து, சுருங்கிப்போய், பக்கத்தில் கிடந்த நல்ல காலுக்குத் தம்பி மகன் மாதிரி இருந்தது. அத்தான் தலையைத் தூக்கி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விட்டிலைப் பார்த்தார்.

“பூச்சி, உண்மையச் சொல்லு. இதையும் நீ மாத்தி ஒட்டிடலையே?”

முதலில் சிரித்தது அக்காதான். அடக்கப் பார்த்து முடியாமல், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று விட்டிலுக்குத் தோன்றியது. மாவுக்கட்டுக்காரர் பதறிப்போய், “சார், இது உங்க காலுதான் சார், ஒரு மாசத்துல தேறிடும்” என்று சமாதானம் சொன்னார். ஊதாப் பூச்சி இருந்த துண்டைத் தனியே அறுத்து, தூசி தட்டி, அத்தானின் கையில் கொடுத்தார்.

அத்தானை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். மெலிந்த காலைத் தரையில் வைத்தார். அது கொஞ்சம் நடுங்கியது, பிறகு நின்றது. ஒரு கையில் மாவுக்கட்டுத் துண்டு, மறுகை விட்டிலின் தோளில்.

“கொக்கிதானே?” என்று இன்னொரு முறை கேட்டார்.

“கொக்கிதான் அத்தான்.”

“அப்ப சரி” என்று சொல்லி அடுத்த அடியை எடுத்து வைத்தார்.